கூடுதலாக ஒரு தட்டு

பழைய ஃபோர் வீல் பிக்கப் வாங்க நினைக்கிறவர்கள் இப்போதும் என்னைத் தேடி வருகிறார்கள். கம்பத்தில் டீக்கடையில் உட்கார்ந்தால் போதும், யாராவது பக்கத்தில் வந்து, "அண்ணே, ஒரு வண்டி வந்திருக்கு, ஒரு எட்டு வந்து பாக்குறீகளா?" என்பார்கள். எனக்கு அதில் பெருமைதான், மறைப்பானேன். போய்ப் பார்த்து, சொல்ல வேண்டியதை முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வருவேன். என் சொந்த வண்டியைப் பற்றி மட்டும் யாரிடமும் பேசுவதில்லை. அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, நன்றாகவே ஓடுகிறது.

கம்பம்மெட்டு தாண்டி, கேரளப் பக்கம், எங்களுக்குக் கொஞ்சம் ஏலக்காடு உண்டு. தார்ச்சாலை முக்கிலிருந்து காட்டுக்குப் போகும் பாதை மண்ணும் கல்லுமாகக் கிடக்கும். மழைக்காலத்தில் அதைப் பாதை என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். காட்டைப் பார்த்துக்கொள்வது என் மனைவி. காலையில் வேலைக்கு வரும் பெண்களோடு கம்பத்தில் வாடகை ஜீப்பில் ஏறி முக்கில் இறங்குவோம். அங்கிருந்து மேலே எங்கள் சொந்த வண்டி. மாலையில் அதே வழியில் திரும்பி, எங்கள் வண்டியை முக்கிலிருக்கும் கொட்டகையில் விட்டுவிட்டு, காத்திருக்கும் ஜீப்பில் ஊர் வந்து சேர்வோம். வண்டி ஓட்டுவதும் சத்தம் போடுவதும் என் வேலை. இரண்டாவதை நான் ஒழுங்காகச் செய்வதாக அவள் சொல்வாள்.

முன்பு இருந்த வண்டி ஒரு மழை நாளில் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் வழுக்கிவிட்டது. ஒரு பலா மரம் தடுத்தது. பின்னால் என் மனைவியும் அத்தனை பெண்களும் இருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று முதல் எனக்கு ஒரே கவலை. காலையில் மேலே கொண்டுபோகிற வண்டி மாலையில் அவளைப் பத்திரமாக முக்கில் இறக்க வேண்டும். அதற்காகத்தான் இப்போதிருக்கும் வண்டியைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்து வாங்கினேன்.

எப்படிப் பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காலையில் போக வேண்டும், சொல்லாமல் போக வேண்டும். போனதும் பானட்டில் கையை வையுங்கள். சுட்டால், உங்களுக்கு முன்னால் எவனோ ஸ்டார்ட் செய்து சூடேற்றி வைத்திருக்கிறான், அந்த வண்டி குளிரில் எழுந்திருக்காது என்று அர்த்தம். ஆறிக்கிடக்கும் இன்ஜினை நீங்களே ஸ்டார்ட் செய்து புகையைப் பாருங்கள். நீலமாக வந்தால் ஆயிலைக் குடிக்கிறது. ஓட்டத்திலேயே ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். அங்கேயும் புகை குபுகுபுவென்று வந்தால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்த வழியே திரும்பலாம்.

அடுத்தது ஃபோர் வீல். லிவர் இருக்கும், பக்கவாட்டில் பெரிதாக ஸ்டிக்கர் இருக்கும். முன்பக்க ஷாஃப்ட்டை மட்டும் எப்போதோ கழற்றி இரும்புக்கடையில் போட்டிருப்பார்கள். குனிந்து பார்க்க வெட்கப்படாதீர்கள். தார்ச்சாலையில் இதைச் சோதிக்கவும் கூடாது. புழுதியோ சேறோ உள்ள இடத்துக்குக் கொண்டுபோய் லிவரைப் போட்டு, முன்சக்கரம் மண்ணை வாரி இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக நகர்த்தும்போது முன்னால் கடகடவென்று கேட்டால் ஜாயிண்ட் முடிந்தது. கியர்பாக்ஸ் ஆயில் பால் விட்ட டீ மாதிரி இருந்தால் வண்டி ஓடைத் தண்ணீரில் நின்றிருக்கிறது.

தேவாரத்துக்கு வெளியே ஒரு தென்னந்தோப்பில் புரோக்கர் எனக்குக் காட்டிய வண்டி இத்தனையிலும் தேறியது. பானட் சில்லென்று இருந்தது. ஒரே சாவியில் எழுந்தது. கேரள நம்பர், எஸ்டேட்டில் ஓடியது, தடையில்லாச் சான்று தயார். எனக்குச் சந்தேகம்தான் வந்தது. இவ்வளவு சுத்தமாக ஒரு பழைய வண்டி இருக்கக் கூடாது.

"ஆக்சிடென்ட் வண்டியா?" என்றேன்.

"சத்தியமா இல்லண்ணே. ஒரு நசுங்கல் காட்டுங்க பாப்போம்."

"போலீஸ் கேசு ஏதும் இருக்கா?"

"ஒண்ணும் கெடையாது. எஸ்டேட் ஷெட்டுலயே சும்மா நின்னுக்கிட்டிருந்துச்சு, அதான் குடுக்குறாக."

நன்றாக ஓடும் வண்டியை எதற்காகச் சும்மா நிறுத்தி வைத்தார்கள் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. நான் ஏற்கெனவே சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் புகுந்துவிட்டேன்.

சேஸைப் பார்க்க ஒரு சின்னச் சுத்தியல் வைத்திருக்கிறேன். முன்னாலிருந்து பின்னால் வரை தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இரும்பு ணங்கென்று பேசும். துருப்பிடித்ததும் ஒட்டுப்போட்டதும் மந்தமாகச் சொல்லும். இந்தச் சேஸ் முழுக்க ணங்கென்றுதான் பேசியது. கடைசிக் கம்பியைத் தட்டிவிட்டுச் சுத்தியலைக் கீழே வைத்தேன். அப்போது எனக்கு மேலே, பின்கதவுப் பக்கம், யாரோ தகரத்தில் ஒரு முறை தட்டினார்கள்.

"மேல ஏறி என்னய்யா தட்டுற? நான் கீழ கெடக்குறது தெரியலயா?" என்று கத்தினேன்.

நகர்ந்து வெளியே வந்து பார்த்தேன். புரோக்கர் தோப்பின் அந்தக் கடைசியில், கிணற்று மேட்டில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். தென்னங்குரும்பை விழுந்திருக்கும் என்று வண்டிக்குள் தேடினேன். பின்பக்கம் துடைத்துவிட்ட மாதிரி காலியாக இருந்தது. அன்றே முன்பணம் கொடுத்துவிட்டேன்.

எங்கள் பக்கத்து ஏலக்காடுகளில் ஒரு பழக்கம் இருக்கிறது. மழையும் மூடுபனியும் இறங்கிவிட்டால் பின்பக்கம் நாலு புறமும் படுதாவை இழுத்துக் கட்டிவிடுவோம். ஓட்டுகிறவனுக்கு உள்ளே யார் ஏறினார்கள், யார் ஏறவில்லை என்று தெரியாது. பேர் சொல்லிக் கூப்பிடவும் மாட்டார்கள். மூடுபனிக்குள் ஒருத்தியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் அவள் மட்டும்தான் திரும்பிப் பார்ப்பாள் என்று சொல்ல முடியாது என்பார்கள். ஆகவே ஏறி உட்காரும் ஒவ்வொருத்தியும் பக்கத்துத் தகரத்தில் ஒரு தட்டுத் தட்டுவாள். காலையில் எத்தனை பேரோ மாலையில் அத்தனை தட்டு. எண்ணிக்கை நிறைந்ததும் கியரைப் போடலாம். என் மனைவியும் பெண்களோடு பின்னால்தான் உட்காருவாள். கடைசியாக ஏறிக் கடைசியாகத் தட்டுவாள்.

புது வண்டியில் முதல் மழை வந்த மாலையில் ஒரு தட்டு கூடுதலாகக் கேட்டது.

"யாரும்மா அது ரெண்டு தடவ தட்டுறது? சின்னப் புள்ளைகளா நீங்க?" என்றேன். உள்ளே சிரித்தார்கள்.

மறுநாளும் கேட்டது. அதற்கு மறுநாளும். எல்லோரும் தட்டி முடித்து, என் மனைவியும் தட்டி, ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து வரும். பின்கதவு ஓரத்திலிருந்து, விரலை மடக்கித் தட்டிய மாதிரி, கூச்சத்தோடு ஒன்று. மழை இல்லாத நாளில் வருவதில்லை. படுதாவைக் கட்டினால்தான். பிறகு உள்ளே யாரும் சிரிக்கவில்லை.

வீட்டில் மனைவியிடம் கேட்டேன். அவள் சோற்றைப் பிசைந்தபடி, "நானும் கேக்கத்தான் செய்றேன். யாரு தட்டுறாகன்னு தெரியல. நீங்க தெனமும் வையாதீக, அதுகளே பயந்து கெடக்குதுக" என்றாள்.

பயப்பட என்ன இருக்கிறது என்று எனக்குக் கோபம் வந்தது. பழைய வண்டியில் ஆள் ஏறும்போது ஸ்பிரிங் பட்டை அழுந்தும், பிறகு ஏதாவது ஒரு போல்ட்டோ கொக்கியோ தன் இடத்துக்கு வந்து உட்காரும். அதுதான் சத்தம். இதைப் பெண்களுக்கு விளக்கினேன். அவர்களில் மூத்தவள், கூடலூர்க்காரி, பல எஸ்டேட்டுகளில் வேலை பார்த்தவள், காய் பறித்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அண்ணே, வண்டி எந்த எஸ்டேட்டுல ஓடுச்சுன்னு கேட்டீகளா?"

"ஏன், கேட்டா சத்தம் நின்னுருமா?"

"அதுக்கில்ல. அந்தப் பக்கம் ஒரு எஸ்டேட்டுல, மஞ்சு எறங்குன நாள்ல, ஒருத்திய விட்டுட்டு வந்துட்டாக. எவளோ ஒருத்தி ரெண்டு தட்டு தட்டிட்டா போல, டிரைவரு கணக்கு சரின்னு எடுத்துட்டாரு. பாவி மக பொறத்தாலயே ஓடி வந்திருக்கா. காலைல போயி பாத்தா பாதையில கெடக்கா. ஆனையும் மிதிக்கல, ஒண்ணும் கடிக்கல. குளுருலயும் பயத்துலயுமே போயிட்டா. அது எந்த வண்டின்னு எனக்குத் தெரியாதுண்ணே."

நான் சிரித்தேன். சிரித்துவிட்டு, செடிகளைத் தாண்டி மேட்டுக்கு ஏறி, சிக்னல் கிடைக்கும் பாறையில் நின்று புரோக்கருக்குப் போன் போட்டேன். கூடலூர்க்காரி சொன்னதைச் சொல்லி, நிஜமா என்றேன்.

"அண்ணே, ஆக்சிடென்ட் வண்டியான்னு கேட்டீக, இல்லன்னேன். கேசு இருக்கான்னு கேட்டீக, இல்லன்னேன். ரெண்டும் உண்மைதான? வண்டி யாரையும் இடிக்கலயே."

போனை வைத்துவிட்டார். எனக்குப் பயம் வந்துவிட்டது, வேறென்ன. ஆனால் பயந்ததாகக் காட்டிக்கொண்டால் நாளைக்கு ஒருத்தியும் வேலைக்கு வரமாட்டாள், காய் செடியிலேயே பழுத்து உதிரும். கம்பத்துப் பட்டறையில் வண்டியைக் கொண்டுபோய் விட்டேன். அவர்கள் பின்கதவுச் சங்கிலி தளர்ந்திருப்பதாகச் சொல்லி இறுக்கி, ரப்பர் வைத்து, இனிமேல் ஆடாது என்றார்கள். நானும் அதை அப்படியே நம்பினேன். நம்ப ரொம்ப ஆசையாக இருந்தது.

ஐப்பசி மழை. மறுநாள் மதியமே இருட்டிக்கொண்டு வந்தது. வேலையைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு கிளம்பச் சொன்னேன். மூடுபனி செடிகளுக்குள் புகுந்து வந்து வண்டியின் மூக்கைக்கூட மறைத்துவிட்டது. நான் இன்ஜினை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, முன்னால் உட்கார்ந்து காதைக் கொடுத்தேன். தட்டுகள் வந்தன. மெதுவாக, ஒவ்வொன்றாக. கடைசித் தட்டு கூச்சத்தோடு வந்தது. அதோடு எண்ணிக்கை சரியாக நின்றது. இன்னொன்று வருகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை.

"பாத்தியா, சங்கிலிதான்!" என்று காலியாக இருந்த பக்கத்து இருக்கையிடம் சத்தமாகச் சொன்னேன். இந்த வண்டி வந்ததிலிருந்து அப்படி ஒரு நிம்மதி எனக்கு வந்ததில்லை. லிவரைப் போட்டு, பாட்டுக்கூடப் பாடிக்கொண்டு இறங்கினேன்.

முக்கில் ஜீப் காத்திருந்தது. படுதாவை அவிழ்த்தேன். பெண்கள் ஒவ்வொருவராகக் குதித்தார்கள். கடைசியாக இறங்கிய கூடலூர்க்காரி முன்பக்கம் பார்த்து, "அக்கா இன்னும் எறங்கலையா?" என்றாள்.

"அவ உங்களோடதான இருந்தா?"

"இல்லண்ணே. மோட்டாரு ரூம்ப பூட்டிட்டு வாரேன்னு போனாக. மழையா இருக்கே, உங்ககூட முன்னால ஏறிட்டாகன்னு நெனச்சோம்."

அவள் ஏறவில்லை என்றால் தட்டு ஒன்று குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. அவள் இடத்தில் தட்டியது யார் என்று எனக்கும் தெரியும், அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். மேலே அந்தப் பாறையை விட்டால் வேறெங்கும் சிக்னல் கிடையாது, போன் போட்டுப் பயனில்லை. போன வாரம்தான் ஓடைப் பக்கம் ஆனைச் சாணம் பார்த்திருந்தோம். ஜீப் டிரைவரை இருக்கச் சொல்லிவிட்டு வண்டிக்கு ஓடினேன். உடன் வருகிறேன் என்ற கூடலூர்க்காரியையும் வேண்டாம் என்று தடுத்துவிட்டேன்.

காலி வண்டி. படுதாவைக்கூட நான் சரியாகக் கட்டவில்லை. சாவியைத் திருப்பிக் கியரைத் தொட்டபோது, பின்கதவு ஓரத்திலிருந்து ஒரு தட்டுக் கேட்டது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. இறங்கி ஓடியிருப்பேன், மேலே அவள் மட்டும் இல்லையென்றால். பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன். வண்டி நான் பார்த்துப் பார்த்து வாங்கிய மாதிரியே ஏறியது. ஒரு இடத்தில்கூடச் சறுக்கவில்லை. வைப்பருக்கு அப்பால் வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. அவள் பேரைச் சொல்லிக் கத்த வாயைத் திறந்தேன், வரவில்லை. மூடுபனிக்குள் பேர் சொல்லக் கூடாது என்ற பேச்சை இத்தனை வருஷம் கேலி செய்தவன் நான். பேரை விழுங்கிவிட்டு ஹாரனை அழுத்திக்கொண்டே போனேன்.

பாதி வழியில், பாதையோரம், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு செருப்பு இல்லை. நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தாள். கிட்டே போய்க் கையைப் பிடித்ததும் நான்தான் அழுதேன். அவள் அழவில்லை.

"பொறத்தாலயே கத்திக்கிட்டு ஓடியாந்தேன். உங்களுக்குக் கேக்கல" என்றாள். பிறகு வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தாள். "படுதாவ வெலக்கி ஒருத்தி என்னையவே பாத்துக்கிட்டு இருந்தா. எம்புட்டுக் கத்துறேன், ஒரு வார்த்த சொல்லல."

"அவ..." என்று ஆரம்பித்தேன்.

"கோவமெல்லாம் இல்லங்க அவ மொகத்துல. எடம் கெடச்சிருச்சேன்னு இருந்துச்சு."

வண்டியை இப்படியே விட்டுவிட்டு நடந்தே போய்விடலாம் என்றேன். அவள் தலையை ஆட்டி, முன்னால் ஏறி உட்கார்ந்தாள். நான் சாவியைத் தொடப் போனேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். மழை தகரத்தில் பெய்யும் சத்தம் மட்டும். பிறகு பின்னாலிருந்து அந்தத் தட்டு வந்தது. அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

முக்கில் வண்டி நின்றதும் அவள் இறங்கி நேராகப் பின்னால் போனாள். பெண்கள் ஓடி வந்து சூழ்ந்துகொள்ளப் பார்த்தார்கள். கையைக் காட்டி அவர்களை நிறுத்திவிட்டு, பின்கதவைத் திறந்து, படுதாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு ஆள் கால் ஊன்றி, பிடித்துக்கொண்டு, கீழே இறங்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம். அப்புறம்தான் கதவைச் சாத்தினாள்.

ஜீப்பில் எப்போதும் போல நெருக்கித் தள்ளிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கம்பம் வரை மடியில் மடியாகத்தான் போக வேண்டும். என் மனைவி கடைசியாக ஏறி, தான் உட்கார இடம் கிடைத்த பிறகும், "இன்னும் செத்த தள்ளுங்கடி" என்றாள். எதற்கு என்று ஒருத்தியும் கேட்கவில்லை. நசுங்கிக்கொண்டு தள்ளினார்கள். அவளுக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காருகிற இடம் உண்டானது.

"எல்லாரும் ஏறியாச்சாக்கா?" என்று ஜீப் டிரைவர் கேட்டார்.

"ஏறிட்டாக. எடுங்க" என்றாள் என் மனைவி.